நிற்கும் மாதிரி

மனிதன் இதுவரை கட்டிய சுவர்களுள் எந்தப் பூகம்பத்துக்கும் விழாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அது பொறியியலாளர் நிசாந்தனின் மடிக்கணினிக்குள் நிற்கிறது.

அதனுடைய ஏழைச் சொந்தம் புலம்பெயர்ந்தவர்கள் வாழும் வெக்ஸ்போர்ட்டில், தமிழ்ச் சங்க மண்டபத்தின் பின்பக்கம் நிற்கிறது. பழைய செங்கல் சுவர். நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கும். அதன் காலடியில்தான் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு.

மண்டபத்துக்குப் புதுப் பெயின்ற் பூசி, திறப்பு விழாவுக்கு அழைப்பிதழும் அடித்த பிறகுதான், சுவர் பூகம்பத்தைத் தாங்குமா என்று 'விஞ்ஞான முறைப்படி' அறியத் தலைவர் சச்சிதானந்தனுக்கு ஆசை வந்தது. நிசாந்தன் சுவரைக் கல் கல்லாகக் கணினியில் ஏற்றி, அந்த மாதிரியின்மேல் ஒரு பூகம்பத்தை விட்டுப் பார்த்தார். பொலபொலவென்று கொட்டியது.

"என்ன தம்பி உது! அழைப்புக் காட் அடிச்சாச்செல்லோ!" என்றார் தலைவர்.

பெரிய மனிதரின் அழைப்பிதழை விடவா ஒரு சுவர் பெரிது? நிசாந்தன் சாந்தின் பலத்தைக் கொஞ்சம் கூட்டினார். விழுந்தது. இன்னும் கூட்டினார். சரிந்தது. கடைசியில், உலகத்தில் எந்த மேசனும் குழைத்தறியாத சாந்தொன்றைக் கணினியிலேயே குழைத்தார். சுவர் மலைபோல நின்றது. துறையில் இதற்குச் 'செம்மைப்படுத்தல்' என்று பெயர். வீட்டில் பிள்ளைகள் செய்தால் நல்ல பூசை கிடைக்கும்.

பொதுக்கூட்டத்தில், திரையில், பூகம்பம் வந்து போனது. சுவர் அசையவில்லை. சபை கைதட்டியது. தமிழ் வகுப்பு ஆசிரியை ஜெயமலர் மட்டும் எழுந்து நின்றார்.

"தம்பி, பின்சுவர் விழுற மாதிரி இருக்கு."

"இல்லை ரீச்சர். விழுற மாதிரியை நான் அழிச்சுப்போட்டன். இப்ப இருக்கிறது நிக்கிற மாதிரி."

"ஐயோ, நான் சுவரைச் சொல்லுறன்!"

"மாதிரி நிக்குதெண்டால் சுவரும் நிக்கத்தானே வேணும்!" என்று தலைவர் குறுக்கே விழுந்தார். "எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கெல்லோ!"

இந்த நுட்பத்தில் சபை சொக்கிப்போய் மறுபடியும் கைதட்டியது. நிசாந்தனும் அடக்கத்தோடு தலை குனிந்தார்.

"சரி," என்றார் ஜெயமலர். "அப்ப இந்தச் சனியும் சுவரோரம்தான் வகுப்பு. உங்கட மகள் நிலாணி எல்லாரிலும் கட்டை. அவவை முன்னுக்கு, சுவரோட ஒட்டி இருத்திறன்."

நிசாந்தன் குனிந்த தலையைச் சட்டென்று நிமிர்த்தினார்.

"அவவுக்குத் தடிமன், மூக்கு ஓடுது, ரீச்சர். வாசல் பக்கம் இருத்துங்கோவன்."

"தடிமன்காரப் பிள்ளையை, இந்த விண்டரிலை, வாசலிலையோ?"

நிசாந்தன் திரையைப் பார்த்தார். அங்கே சுவர் அசையாமல் நின்றது.

"மற்றப் பிள்ளையள் சுவரோரம் இருக்கலாமோ?" ஜெயமலர் கேட்டார். "தம்பி, உங்களிட்டை மனச்சாட்சி இருக்கெண்டு இவ்வளவு நாளும் நம்பியிருந்தன். உதுவும் மாதிரிதானோ?"