கோதரும் எங்கள் வீட்டுப் புளியும்

துவக்கால் சுட்டுவிட்டு, பட்டதா என்று முன்னால் பார்க்காமல் வலப்பக்கம் திரும்பிப் புல்லைப் பார்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் சிட்னியில், செவன் ஹில்ஸில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். முயல் ஓடினால் ஓடட்டும். "கோது எங்கை?" என்பார்.

சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைத் தோட்டாக் கோதைத்தான் சொல்கிறேன். அதனால் அவர் கோதர். எழுபதுகளின் நடுப்பகுதி அது. இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. அவர் கடைசல் இயந்திரத்தில், நான் பெட்டி அடுக்குவதில். அவருடைய சொந்தப் பெயர் கடவுச்சீட்டுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

மற்றவர்களின் துவக்குகள் நாகரிகமானவை. கைப்பிடியை இழுத்தால்தான் கோது வெளியே வரும், மரியாதையாகக் காலடியில் விழும். கோதர் வைத்திருந்தது அரைத் தானியங்கி. ஒவ்வொரு வெடிக்கும் தானே கோதைக் கக்கி எட்டடி தள்ளி வீசும். எறிகிற துவக்கை வாங்கிவிட்டு, எறிந்ததைத் தேடுவதே அவருக்குச் சீவியமாகிவிட்டது.

"திரும்ப மருந்து போட்டால் திரும்ப வெடிக்கும் தம்பி. இதுக்கு அஞ்சாறு பிறவி இருக்கு," என்று கோதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். என் கழுத்தை எந்த டாக்டரும் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் எங்கள் குசினி அடுப்புவரை வரும்வரைக்கும்.

என் மனைவி பரிமளம் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதை ஒருநாள் கண்டார். வாய் திறந்தபடி நின்றார். மறுநாள் கோப்பி டின் நிறையக் கோதுகளுடன் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, துளிப் புளி கிடைக்குமோ?"

அந்தக் காலத்துச் சிட்னியில் புளி என்றால் சும்மாவா? யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் மாதக்கணக்காக மிதந்து வந்த உருண்டை அது. ரசத்தில் கொஞ்சம் கூடப் போடு என்று நான் கேட்டால், "பாத்துத்தான் பாவிக்கோணும்" என்பவள், கோதர் அண்ணைக்குப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். அந்தக் கிழமை முழுக்க எனக்குப் புளிக்குப் பதிலாக வினாகிரி ஊற்றிய ரசம்.

"அண்ணையின்ரை கோதுகளைப் பாத்தனீங்களே? பவுண் மாதிரி மினுங்குது. ஒரு பொருளை அப்பிடிப் பேணுறதுக்கும் ஒரு மனம் வேணும்," என்றாள். சொல்லிக்கொண்டே, பொத்தான் அறுந்து திறந்து கிடந்த என் சட்டைக் கழுத்தைப் பார்த்தாள்.

நான் பொறாமைப்படவில்லை. சாப்பாட்டில் பற்றுக் குறைந்தது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை எங்கள் மேற்பார்வையாளரின் பண்ணைக்குக் குறி பார்த்துச் சுடப் போனார் கோதர். நாங்களும் கூடப் போனோம். பரிமளம் காரிலிருந்து எடுத்தது எங்கள் சுளகை. அரிசி புடைக்கிற அதே சுளகு. கோதருக்குப் பின்னால் வலப்பக்கமாக நின்று, பறந்து வந்த கோதுகளை ஏந்தினாள். இருபதுக்குப் பத்தொன்பது.

"தங்கச்சி மாதிரி ஒரு ஆள் எனக்கு முந்தியே கிடைச்சிருந்தால்," என்று பெருமூச்சு விட்டார் கோதர். கோது ஏந்துகிற ஆளைத்தான் சொன்னார். அது எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் விரும்பவுமில்லை.

அடுத்த சனிக்கிழமை சுளகை நான் பறித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு ஏலாது," என்றாள் பரிமளம்.

"இருந்து பார். இருபதுக்கு இருபது."

முதல் மூன்று வெடிக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று கோதும் புல்லில். நான்காவது கோது சுளகைத் தேடவில்லை. பொத்தானில்லாத கழுத்தைத் தேடி, வெடித்த சூட்டோடு சட்டைக்குள் இறங்கியது.

துவக்கு வெடிக்கிறது, நெஞ்சு எரிகிறது. இரண்டையும் என் மூளை கூட்டிப் பார்த்தது. "ஐயோ, சுட்டுப்போட்டார், கோதர் என்னைச் சுட்டுப்போட்டார்" என்று சுளகை வீசிவிட்டுப் பண்ணையைச் சுற்றி ஓடினேன். முகத்துக்கு நேரே அவரைக் கோதர் என்றது அதுதான் முதல் தரம். சூடுபட்டவன் இப்படி ஓடமாட்டானே என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் சுற்றில் விழுந்தேன். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, மனைவிக்கு என் கடைசி வார்த்தையைச் சொன்னேன்: "இனியாவது புளியைக் கவனமாய்ப் பாவி."

கோதர் துவக்கிலிருந்த தோட்டாக்களைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். என் சட்டையைத் திறந்தார். உள்ளேயிருந்து கோது உருண்டு புல்லில் விழுந்து, பளபளவென்று கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அதை மிதித்துக்கொண்டே என் மேல் குனிந்தார்.

"எங்கை பட்டது தம்பி? கதையுமன். எங்கை பட்டது?"

பரிமளமும் வெளிறிப்போய்க் குனிந்தாள். நெஞ்சில் சுண்டுவிரல் நுனியளவு சிவப்பு. அவளுக்கு மூச்சு வந்தது.

"அண்ணை சுடேல்லை," என்றாள். "கோதுதான் சுட்டது. எழும்புங்கோ."

நான் எழுந்துவிட்டேன். கோதர்தான் எழவில்லை. புல்லில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் அதற்குப் பிறகு சுடவில்லை. பொறுக்கவுமில்லை. பரிமளம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

பின்னர் கோதர் வேலை மாறி மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். அவர் மிதித்த அந்தக் கோது எங்கள் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாதம் ஒருதரம் புளி போட்டு நானே விளக்குகிறேன். அன்றைக்கு ரசம் கொஞ்சம் சப்பென்றிருக்கும். நான் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.