ஏழாம் நம்பரின் தனிமை

"சார், ஏழாம் நம்பர் எலி ஆல்கஹாலைக் குடிக்க மாட்டேங்குது" என்றாள் இளவேனில்.

ஆராய்ச்சி வழிகாட்டி விக்டர் சார் கண்ணாடியைக் கழற்றினார். "தனியா இருக்கிறதுதானே? அதுதான் நிறைய குடிக்கணும். குடிக்காத கூட்டாளியோட இருக்கிறதுதான் குறைக்கணும். அதானேம்மா உன் ஆராய்ச்சியே?"

"போன மாசம் பாப்பாயி அக்கா அளவு எழுதினப்ப எட்டு மில்லி சார். இந்த வாரம் நானே பக்கத்துல இருந்து எழுதறேன். அஞ்சுதான்."

"கூண்டு கழுவற அம்மாவா? தப்பா எழுதியிருப்பாங்க. வெள்ளிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா தலைப்பைப் பிரவீன்ராஜ் எடுத்துக்கட்டும்."

கூட ஆராய்ச்சி செய்யும் பிரவீன்ராஜின் அப்பா பேராசிரியர். தாத்தாவும் பேராசிரியர். இளவேனிலின் அப்பா மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அவ்வளவு தூரம் வந்தது ஓர் எலியிடம் தோற்கவா?

செவ்வாய்க்கிழமை புட்டியின் குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தாள். நான்கு மில்லி.

புதன்கிழமை, வெளியே வண்டிச் சத்தம் தொந்தரவோ என்று கூண்டைத் தூக்கித் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டு.

வியாழக்கிழமை டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கெஞ்சினாள். பிறகு திட்டினாள்.

"குடிச்சுத் தொலையேன்! ஊர்ல அவனவன் கேக்காமலே குடிக்கறான். உனக்கு மட்டும் என்ன ஒழுக்கம்?"

ஏழாம் நம்பர் மூலையில் ஒடுங்கி முகம் கழுவிக்கொண்டது. பூஜ்யம்.

துடைப்பத்தோடு வந்த பாப்பாயி வாசலிலேயே நின்றாள். "யாரும்மா இருக்கா உள்ள? சண்டைச் சத்தம் கேட்டுச்சு."

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. போன மாசம் குத்துமதிப்பா எழுதினீங்களா?"

"புட்டியில இருக்கற கோட்டைப் பாத்துத்தான் எழுதினேன். எட்டுன்னா எட்டு. நான் பாட்டுக்குப் பெருக்கிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிடுவேன். அது பாட்டுக்குக் குடிக்கும்."

"அப்ப இப்ப என்ன கேடு? நானும் தனியாத்தானே வச்சிருக்கேன்!"

பாப்பாயி கூண்டைப் பார்த்தாள். அதற்கு ஒரு சாண் தள்ளியிருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"தனியாவா? இப்படி ஒருத்தி எதுக்க உக்காந்து முறைச்சுக்கிட்டே இருந்தா, எங்க வீட்டுக்காரரே பாட்டிலைத் தொடமாட்டாரும்மா!"