பென்சில்காரர் மேல் ஒரு புகார்

மதிப்பும் மரியாதையும் மிக்க பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொண்டது. நலம் விசாரிக்க ஐந்து வரி ஒதுக்கியிருந்தேன். விஷயம் பெரியது என்பதால் ஒன்றோடு நிறுத்துகிறேன். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும், உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும், பிள்ளைகள் சௌக்கியமாக இருப்பார்கள். இங்கே நான் ஒருவன்தான் சௌக்கியமாக இல்லை.

காரணம் நீங்கள்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். போன முறை வந்தபோது, "வீட்லயே அடைஞ்சு கெடக்கிறியே, எதையாவது படிச்சாத்தான் என்ன?" என்று சொல்லி, உங்கள் தங்கையை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தகக் கடைக்குக் கூட்டிப் போனீர்கள் அல்லவா? அன்று அவள் தூக்கிக்கொண்டு வந்த துப்பறியும் நாவலில், முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். பேர் தெரியாது, ஊர் தெரியாது. பென்சில்காரர் என்று இவளே பேர் வைத்துவிட்டாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு டாக்டர் வருகிறார். ஓரத்தில், 'இவர்தான் கொலைகாரர். சந்தேகமே இல்லை.' நூற்று எண்பதாம் பக்கத்தில், 'டாக்டர், மன்னிக்கவும்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். அதற்கு உங்கள் தங்கை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, குக்கர் கத்துகிறது, இவள் சோபாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு வருஷக்கணக்கு ஆயிற்று, மச்சான். நான் கடைசியாக அவளை அப்படிச் சிரிக்கவைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நாற்காலிக் கால் உடைந்து நான் கீழே விழுந்த அன்றைக்கு.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினவன் நான். பக்கத்தின் ஓரம் எனக்குச் சோறு போட்ட இடம். லட்சம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருக்கிறேன், அதில் ஒரு வரியைப் படித்து ஒரு ஜீவன், கட்டின பெண்டாட்டி உட்பட, 'அட' என்று சொன்னதில்லை. எவனோ போகிற போக்கில் கிறுக்கிவிட்டுப் போனால் அவன் மேதாவி! அதே கடையில் வாங்கி வந்த அடுத்த நாவலிலும் அவர் கையெழுத்துதான். அதில் கதாநாயகி கோபித்துக்கொண்டு மழையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பென்சில்காரர் ஓரத்தில், 'குடையை எடுத்துக்கொண்டு போ, அம்மா' என்று எழுதியிருக்கிறார். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை பாருங்க" என்று என்னிடமே காட்டுகிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் வாசற்படி தாண்டும்போதெல்லாம் குடையை எடு, குடையை எடு என்று நான் கத்துகிறேனே, அதற்கு யார் கண் கலங்கினார்கள்? "வந்துட்டாரு, வானிலை அறிக்கை" என்பாள்.

பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். அவள் அடுத்துப் படிக்க எடுத்து வைத்திருந்த புத்தகத்தில் அவர் எழுதினதை எல்லாம், அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு முழு ரப்பர் தேய்கிற அளவுக்கு அழித்துத் தள்ளினேன். இரண்டு இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு அழித்தேன். மறுநாள் அவள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள், முகம் சுண்டிப்போகிறது. "ஏங்க, இதுல அவரு ஒண்ணுமே பேசல. உடம்புக்கு ஏதாவது ஆயிருக்குமோ?" என்றாள். அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது, அதைவிட எரிச்சலாகவும் இருந்தது. நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது இவள் மூன்று வேளையும் திருப்தியாகச் சாப்பிட்டதை நான் மறக்கவில்லை.

சரி, வேரோடு பிடுங்கிவிடலாம் என்று நேரே கடைக்காரரிடம் போனேன். யார் அந்த ஆள், என்ன வயசு, பார்க்க எப்படி இருப்பான் என்று கேட்டேன். "எனக்கெப்படி சார் தெரியும்? ஒரு வீட்டைக் காலி பண்ணினாங்க, மூட்டையா வந்து இறக்கிட்டுப் போனாங்க. இன்னும் பதினோரு புஸ்தகம் கெடக்கு. அம்மா வந்தா குடுக்கலாம்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்கிறார். கேட்டீர்களா அநியாயத்தை? பதினொன்றையும் நானே வாங்கிக்கொண்டு வந்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறையில், உடைந்த மின்விசிறிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அதோடு விட்டேனா? எதிரி என்னதான் எழுதியிருக்கிறான் பார்ப்போமே என்று கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். வெளியே வரும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. "உள்ளே என்ன பண்றீங்க?" என்றாள். வாயில் வந்தது, "குடை தேடுறேன்." அன்றிலிருந்து ஒன்பது நாளாகத் தினமும் காலையில் குடை தேடுகிறேன், மச்சான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

படிப்பதோடும் நின்றிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? அவர் எழுதினதற்குக் கீழே நானும் சிவப்புப் பென்சிலால் பதில் எழுத ஆரம்பித்தேன். 'ஆதாரம் இல்லாமல் தோட்டக்காரரைச் சந்தேகிக்காதே, அவசரக்குடுக்கை.' 'இந்த இடத்தில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?' 'நீ சொன்னது சரி, ஆனாலும் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை.' ஐந்து புத்தகம் முடித்துவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஆகவே நீங்கள் உடனே கிளம்பி வந்து, உங்கள் தங்கைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி, அப்படியே அந்தப் பதினொரு புத்தகத்தையும் சத்தமில்லாமல் உங்கள் ஊருக்கு எடுத்துப் போய்விடுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள். இல்லாவிட்டால் நான் வீட்டில் இருக்கிறேன் என்பதே அவளுக்கு மறந்துபோகும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எந்தப் புத்தகத்திலும் எதையும் எழுதாமல் நல்லபடியாகப் படித்து முன்னேறட்டும்.

இங்ஙனம்,
உங்கள் தங்கையின் கணவன் (இன்று மாலை வரை)

பின்குறிப்பு: வர வேண்டாம். கடிதத்தை உறையில் போடும் முன், நீங்கள் எடுத்துப் போக வசதியாகக் கட்டி வைக்கலாம் என்று சாமான் அறைக்குப் போனேன். மேலே இருந்த புத்தகத்தைப் பிரித்தால், பென்சில்காரருக்குக் கீழே நான், எனக்குக் கீழே நீலப் பேனாவில் மூன்றாவதாக ஒரு கையெழுத்து. உங்கள் தங்கை! நான் மதியம் குறட்டை விடுகிற நேரமெல்லாம் இவள் அந்த வாளியின் மேல் உட்கார்ந்து படித்திருக்கிறாள். நான் எழுதிய ஐந்திலும் பதில் போட்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்துவிட்டேன், பதினான்கு இடத்தில் அவர் பக்கம், மூன்றே இடத்தில் என் பக்கம். இன்னும் ஆறு புத்தகம் பாக்கி இருக்கிறது, நானும் விடுவதாக இல்லை. தயவுசெய்து ஒரு டஜன் சிவப்புப் பென்சில் மட்டும் தபாலில் அனுப்புங்கள். ஐந்தாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருப்பது இது: 'ஒருத்தரைத் திட்டுகிற ஆத்திரத்திலும், நடுவில் நிறுத்தி, அச்சில் விட்டுப்போன முற்றுப்புள்ளியைப் போட்டுவிட்டுத் திட்டுகிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். நேற்று இதைப் படித்துச் சிரித்த சிரிப்பில் உங்கள் குறட்டையே ஒரு நிமிஷம் நின்றது. இனிமேல் அவர் எழுதியதை அழிக்காதீர்கள், பாவம். குடை கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. வெளியே வாருங்கள், சேர்ந்து படிக்கலாம்.' பேனாவில் எழுதியிருக்கிறாள், மச்சான். எந்த ரப்பர் போட்டாலும் அழியாது.