மூன்று சபையும் கையெழுத்திட்ட தாள்

வெக்ஸ்போர்ட்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய பத்மநாதன் அத்தானுக்கு,

நானும் ஜெயமலரும் பிள்ளைகளும் சுகம். அஜக்ஸில் நீங்களும் அக்காவும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள், அதனால்தான் கடிதம். நீங்கள் நாலு பேரிடம் சொல்லி எடுத்துத் தந்த வேலை ஆறே வாரத்தில் போகப்போகிறது.

நான் பராமரிக்கிற கட்டடத்தில் யூதர்களின் மூன்று சபைகள் உள்ளன. மேல்மாடியில் மொரோக்கோவிலிருந்து வந்தவர்கள், கீழே ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள், பின்பக்கம் போலந்துக்காரரின் பிள்ளைகள். வேதம் ஒன்று, வாசல் ஒன்று. ஆனால் பாட்டின் மெட்டு வேறு, ஒருவர் சட்டியில் மற்றவர் சமைக்கமாட்டார். எங்களுடைய கோயில் நிர்வாகங்களைக் கண்ட எனக்கு இது புதினமில்லை. இவர்களை வருடத்தில் ஒரு நாளாவது ஒரே மேசையில் இருத்தவேண்டும் என்று கட்டடத்துக்குப் பொறுப்பான மிஸ்டர் செலிக்மன் பதினொரு வருடமாக அலைகிறார். வயது எண்பத்திரண்டு, இரண்டு முழங்காலும் மாற்றியவை. அதற்குச் சம்மதம் என்று மூன்று சபைத் தலைவர்களும் கையெழுத்திட வேண்டிய ஒரு தாள் எப்போதும் அவர் சட்டைப்பைக்குள் இருக்கும். ஒருவர் போட்டால் மற்றவர் போடமாட்டார். "சச்சி, அடுத்த மாசம் கட்டாயம் சரிவரும்" என்பார். அவர் இங்கிலீசில் சொல்வதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை தரை கழுவ ஹீட்டரை நிற்பாட்டிய நான், திரும்பப் போட மறந்துபோனேன். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், சுவிட்சைத் தொடமாட்டார்கள், போடச் சொல்லி நேரே கேட்கவும் தயங்குவார்கள், இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை அத்தான், வெளியே மைனஸ் பதினெட்டு, நான் தடித்த ஜாக்கெட்டோடு வாசலில் ஸ்னோ தள்ளுகிறேன், மொரோக்கோச் சபைத் தலைவர் வந்து "இண்டைக்கு உள்ளுக்குக் கொஞ்சம் குளிர்" என்றார், இந்த நாட்டில் வாய் திறந்தால் காலநிலைதானே, நானும் மரியாதையாக "ஓம், வெளியில இன்னும் மோசம்" என்றேன். பிறகு ரஷ்யச் சபைத் தலைவர் வந்து "கை விறைக்குது" என்றார். "எனக்கும்தான்" என்றேன். மூன்றாமவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஹீட்டர் சுவிட்சுக்கு முன்னால் நிறுத்திப் பெருமூச்சு விட்டார். "புதுசோ?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெயமலர் தலையில் கைவைத்தாள். "குளிருது எண்டால் ஹீட்டரைப் போடுங்கோ எண்டுதானே அர்த்தம். முப்பது வருஷமா நானும் உப்பிடித்தான் சொல்லுறன், நீங்களும் ஓம் ஓம் எண்டுபோட்டு இருக்கிறியள்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று தலைவர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள், என்னை வேலையால் நிற்பாட்டச் சொல்லி. அதன் பிரதியைக் கொண்டுவந்து காட்டிய மிஸ்டர் செலிக்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினொரு வருஷமா என்னால ஏலாததை நீ ஒரு காலமையில செய்துபோட்டாய்" என்று கட்டிப்பிடித்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்போகிறாராம். எனக்கு நல்ல கோபம். ஆனாலும் அந்த மனுசனின் முகத்தைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது. ஆகவே உங்கள் வெயர்ஹவுஸில் எனக்கொரு இடம் கேட்டுப் பாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, மருமக்களுக்கு ஆசீர்வாதம். 401 நெடுஞ்சாலையில் காரைப் பார்த்து ஓடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
சச்சிதானந்தன்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் மிஸ்டர் செலிக்மன் போன் எடுத்தார். அந்த முறைப்பாட்டில் எந்தச் சபையின் பெயர் முதலில் வருவது என்று சண்டை வந்து, மூன்று பேரும் கையெழுத்தைத் திரும்ப எடுத்துவிட்டார்களாம். என் வேலை தப்பிவிட்டது, வெயர்ஹவுஸில் கேட்கவேண்டாம். மனுசன் அதோடு போனை வைக்கவில்லை. பிறகு, "சச்சி, மூண்டு பேரும் ஒருக்கா ஒண்டாப் போட்டவைதானே, அப்ப ஏலும்தானே. வாற வெள்ளிக்கிழமையும் ஹீட்டரை நிப்பாட்டிவிடுவியோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். எதற்கும் வெயர்ஹவுஸில் கேட்டு வையுங்கோ.