மஜீட் ஒன்று என்னும் கோடு போட்ட கத்தரி

ஏறாவூர்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

கட்டார் வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் மச்சான் றிஸ்வி அறிய வேண்டியது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் வீட்டுக்காரி, உங்கள் ராத்தா ஆமினா உம்மாவும் ஏழு கோழிகளும் இறைவன் கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்கு ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறோம். இதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் ராத்தா குசினிக்குள் அடுப்படியில் இருக்கிறாள், அவளுடைய காது உங்களுக்குத் தெரியும். ஆகவே கடிதம்.

புதுப் பயிர் வகைக்கு உரிமை கேட்கும் படிவத்தை நீங்கள்தான் தேடி அனுப்பினீர்கள். அதனால் விளைந்ததையும் நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன், அத்தனை கடிதத்திலும் 'பணிப்பாளருக்காக' என்று எழுதி அதன் கீழேதான் கையெழுத்து வைத்தேன், குடியிருக்கும் வீடு சீதன வீடு, உறுதிப் பத்திரம் உங்கள் ராத்தாவின் பெயரில், மின்சார பில் மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பதினாலு வருடமான உங்கள் வாப்பாவின் பெயரில், சைக்கிளில்கூட நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கீறிய 'றிஸ்வி'தான் இன்னும் இருக்கிறது. என் பெயரில் இருப்பது ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி ஒன்றுதான். அப்படிப்பட்டவன் ஊர்க் கத்தரியையும் நீட்டு வெள்ளைக் கத்தரியையும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் மகரந்தம் தடவிச் சேர்த்து, நாலு போகம் பிடுங்கி எறிந்து, நல்லதைத் தெரிவு செய்து, கடைசியில் கிணற்றடியில் வெள்ளையில் ஊதாக் கோடு போட்ட, கசக்காத ஒரு காயைக் கண்டபோது அழுதுவிட்டேன் மச்சான். வெங்காயம் உரித்ததாக உங்கள் ராத்தாவிடம் சொன்னேன்.

படிவத்தில் வகையின் பெயர் கேட்டிருந்தார்கள். 'மஜீட் ஒன்று' என்று எழுதினேன். உங்கள் ராத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்டா? ரெண்டாவத எங்க வச்சிரிக்கீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன், அன்று பின்னேரம் எனக்குத் தேத்தண்ணி இல்லை. அடுத்த கேள்வி, இந்த வகையை யாருக்காவது விற்றோ கொடுத்தோ இருக்கிறீர்களா என்பது. கொடுத்திருந்தால் அது புதுசில்லையாம், உரிமை இல்லையாம். 'இல்லை' என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடிட்டேன். பாத்திக்கு வலை கட்டினேன். "ஒரு காய்கூட இந்த வளவைத் தாண்டக் கூடாது" என்று உங்கள் ராத்தாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். பிறகு நோன்பு மாதம் வந்தது. தெருவெல்லாம் பீங்கான் நடமாடியது, கஞ்சி, சமோசா, வட்டிலப்பம் என்று வந்த வண்ணம், போன வண்ணம். நான் தராவீஹ் தொழுகையிலும் என் கத்தரிக்கு துஆ கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

போன புதன்கிழமை விவசாயக் கந்தோரிலிருந்து பரிசோதனைக்கு ஜக்குலின் மிஸ் வந்தார், மட்டக்களப்பு டவுனில் உள்ள பறங்கிப் பிள்ளை, நல்ல குணம், வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு பெட்டி லவ் கேக்கும் கொண்டுவந்திருந்தார். கோடு, முள், இலை எல்லாம் அளந்துவிட்டு, ஊரிலுள்ள மற்றக் கத்தரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும் என்றார். இதென்ன பெரிய வேலை, எந்த வளவிலும் பார்க்கலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தவன் நான்தான். முதலாவது றமீஸா வீடு. வேலியோரம் ஒன்பது செடி, ஊதாக் கோடு, என்னுடையதைவிடக் கொழுத்த காய். அடுத்தது நிஸ்றா வீடு, அங்கே பழைய பேசினில்கூடக் காய்த்துத் தொங்குகிறது. இந்தத் தெருவை விடுங்கள் என்று மிஸ்ஸை ஓட்டோவில் ஏற்றித் தன்னாமுனைக்குக் கொண்டுபோனேன், கந்தோரில் என்னோடு வேலை செய்த வினாயகமூர்த்தி வீட்டுக்கு. கேற்றைத் திறந்ததும் அவன், "வாங்க ஐசே! ஆமினா தங்கச்சிட கத்தரியப் பாக்கவோ? நாங்க பொங்கல் குடுத்தனுப்பின பீங்கான்ல கத்தரிக் கண்டு திரும்பி வந்தது, இப்ப வாவிக்கரை வரைக்கும் நிக்கிது" என்றான்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். உங்கள் ராத்தா கொஞ்சமும் அசையவில்லை. "காய் குடுக்க வேணாமெண்டுதானே சொன்ன நீங்க? ஒரு காயும் குடுக்கல்ல. கண்டுதான் குடுத்த. வந்த பீங்கான வெறுமனே திருப்பிக் குடுத்தா மனிசர் என்ன நினைப்பாங்க?" என்றாள். மிஸ் இதையெல்லாம் எழுதிக்கொண்டார். ஒரே சீராக வளருதா? இரண்டு ஊரிலும் ஒரே சீர். பரம்பரை மாறாமல் வருதா? வருகிறது. புதுசா? இல்லை. பெயர்? "அங்கிள், எல்லாரும் ஆமினாக் கத்தரி எண்டுதானே சொல்றாங்க" என்று மெதுவாகக் கேட்டார். அவர் போகும்போது பார்த்தேன், லவ் கேக் பெட்டி வெறும் பெட்டியாகப் போகவில்லை. மூடிக்கு வெளியே இரண்டு இலை தெரிந்தது.

ஆனால் ஓட்டோவில் ஏறும்போது மிஸ் ஒரு சொல் சொன்னார்: "வெளிநாட்டில இது இன்னும் புதுசுதான் அங்கிள். ஒரு விதையும் கடல் தாண்டாட்டி அங்க கேட்டுப் பாக்கலாம்." மச்சான், இனி நீங்கள்தான் என் கதி. கட்டாரில் உரிய இடத்தை விசாரித்து என் பெயரில் விண்ணப்பம் போடுங்கள். பாலைவனத்தில் காய்க்குமா என்று கேட்க வேண்டாம், காய்ப்பது முக்கியமில்லை, கடதாசியில் 'மஜீட்' என்று இருந்தால் போதும். இங்கிருந்து ஒரு விதைகூட விமானம் ஏறாது, அதற்கு நான் பொறுப்பு. விதைப் போத்தலைத் தலையணைக்குக் கீழ் வைத்துத்தான் படுக்கிறேன். கழுத்து பிடித்துவிட்டது, பரவாயில்லை. உங்கள் ராத்தாவுக்கும் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

உங்களுக்கு உடம்பில் சுகமும், அறையில் ஓடுகிற ஏசியும், கேட்ட நாளில் லீவு தருகிற முதலாளியும் கிடைக்க ரப்பு நாடட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
அ. மஜீட்
(கோடு போட்ட கத்தரியை உண்டாக்கியவன்)

பிற்குறிப்பு: உங்கள் அறையில் இருக்கும் இஷாம் லீவு முடிந்து இன்றைக்குப் போகிறான், கடிதத்தை வாங்க வாசலில் நிற்கிறான். நீங்கள் அவனிடம் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழ டின்னையும் அவன் கையில்தான் திருப்பித் தந்துவிட வேண்டும். நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து உங்கள் ராத்தா அதைக் கழுவி வெறும் டின்னாகவே மேசையில் வைத்திருந்தாள். வெறும் டின்னை எப்படி மச்சான் கொடுத்தனுப்புவது? நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எனக்குக் கை வரவில்லை. தலையணைக்குக் கீழிருந்த விதை முழுவதையும் பொட்டலமாகக் கட்டி நானே உள்ளே வைத்துவிட்டேன், உங்கள் அறைக்காரர்களுக்கும் பங்கு வையுங்கள். பொட்டலத்தின் மேலே பெயர் எழுத வேண்டும் என்று இஷாம் சொன்னான். கையும் கந்தோர்ப் பழக்கத்தில் எழுதிவிட்டது, வெட்டி எழுத நேரமில்லை:

ஆமினா உம்மாவுக்காக,
அ. மஜீட்.