முந்நூற்றுப் பன்னிரண்டு காளான் படங்கள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த அடுத்த பெரிய காரியம், எங்கள் மேலாளர் புதுக் கேமரா வாங்கியதுதான். அதுவரை காளான்கள் காட்டில் சும்மா முளைத்து, சும்மா அழுகிக்கொண்டிருந்தன.

‘இயற்கையோடு இணைவோம்’ என்ற சுற்றறிக்கையின்படி சனிக்கிழமை அலுவலகமே மழைக்காட்டுக்குப் போனது. வர விருப்பமில்லாதவர்கள் காரணத்தை மூன்று பிரதிகளில் எழுதித் தரலாம் என்ற சலுகையும் இருந்தது. யாரும் தரவில்லை. அவ்வளவு ஆர்வம்.

எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று காட்ட ஒரு பெண் கூட வந்தார். பாவம், கேமரா இல்லாதவர். பாதையோரப் புல்லில் வெள்ளையாகக் குடை விரித்து நின்ற ஒரு காளானைப் பறிக்கக் குனிந்தார்.

“ஏம்மா, கை வைக்காதே. ஷாட் கெட்டுடும்,” என்றார் மேலாளர்.

“அடிப்பக்கம் பாத்தாத்தான் சார் தின்னலாமா, விஷமான்னு தெரியும்.”

“படத்துல அடிப்பக்கத்தை யாரு பாக்கப் போறா?”

அழகுக்காக அறிவைத் தியாகம் செய்யும் இந்தத் துணிவு எல்லோருக்கும் வராது. முந்நூறு படம் எடுத்தார், எல்லாம் மேலேயிருந்து. ஆனாலும் ‘உயிரோட்டம்’ போதவில்லை என்று பட்டது. வேன் ஓட்டி வந்த டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவருடைய வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு ஐந்து மாதமாக மேலாளர் மேசையில் கிடக்கிறது.

கை வைக்கக்கூடாது என்ற விதி மேலாளருக்குப் பொருந்தாது என்பதால், காளானை அவரே பறித்தார்.

“கடிக்கிற மாதிரி காட்டு.”

“சார், அந்தக்கா வேணாம்னு சொல்றாங்க.”

“நடிக்கிறது படத்துல நல்லாவே தெரியுது. நிஜமாவே லேசாக் கடி. உன் கோப்புல நான் கையெழுத்து போடணுமா, வேணாமா?”

இடக்கையால் ஊட்டினார், வலக்கையால் படம் எடுத்தார். பெற்ற தாய்கூட இவ்வளவு மும்முரமாக ஊட்டியிருக்க மாட்டாள். நாங்கள் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். என் கோப்பும் அதே மேசையில்தான் இருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் டிரைவர் வேன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். நான் வேனை ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “என்ன காளான்? படம் இருக்கா?”

மேலாளருக்கு இப்படியொரு ரசிகர் அதுவரை வாய்த்ததில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டையும் காட்டினார்.

“இது ஏன் ஊதாவா இருக்கு?”

“வெள்ளை எடுப்பா இல்ல டாக்டர். மாத்திட்டேன்.”

“அடிப்பக்கம் எடுத்தீங்களா?”

“இந்த வெளிச்சத்தைப் பாருங்க.”

வழிகாட்ட வந்த பெண் கடித்த மிச்சத்தை இலையில் பொதிந்து கொண்டு வந்திருந்தார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். குடைக்கு அடியில் மடிப்புகள் பச்சையாக இருந்தன.

“விஷந்தான். உயிருக்கு ஒண்ணும் ஆகாது, வயித்தைப் பிடுங்கி எடுத்துடும். மூணு நாள் இங்கயே இருக்கட்டும்.”

திங்கட்கிழமை மேலாளர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்: ‘மேற்படி டிரைவர், வழிகாட்டியின் எச்சரிக்கையை மீறி, பணி நேரத்தில், தன்னிச்சையாகக் காளான் உட்கொண்டமையால், அவரைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.’

“ஆதாரத்துக்கு அந்தக் கடிக்கிற படத்தை இணைச்சுடு,” என்றார். “தலைமை அலுவலகம் என் திறமையையும் பாக்கட்டும்.”

பெரிதாக்கி இணைத்தேன். காளான் மங்கல், டிரைவர் முகமும் மங்கல். அதை அவர் வாயில் திணிக்கும் கை மட்டும் நகம், மோதிரம், ரேகை சகிதம் அப்பழுக்கில்லாமல் விழுந்திருந்தது. கலைஞருக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டுமல்லவா? படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன்:

‘படம் எடுத்தவர்: மேலாளர். ஊட்டியவரும் அவரே.’