சான்ஸ் மேடமும் நாலு சிவப்பு விளக்கும்

இந்த உலகத்தில் இரண்டே இரண்டு சொற்களோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட ஒரே மனுஷி எங்கள் சான்ஸ் மேடம்தான். அந்தச் சொற்கள்: "சான்ஸே இல்ல."

ஓசூரில் மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் டெஸ்பாட்சில் இருந்தேன். மேடம் தரக் கட்டுப்பாட்டில் புள்ளியியல் பார்த்தார். பருத்திச் சேலை, ஓட்டப்பந்தய ஷூ, கொண்டையில் பூவுக்குப் பதில் சாக்பீஸ். மார்கழிப் பனியில் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும்போதே எவனாவது வம்புக்கு இழுப்பான்.

"நேத்து மேட்ச் பாத்தீங்களா மேடம்? கடைசி பால்ல சிக்ஸர். சான்ஸே இல்ல!"

"இருக்குப்பா. கம்மியா இருக்கு. எவ்ளோ கம்மின்னு கேளு."

கேட்டவனின் டீ ஆறிவிடும். ஆடை கட்டிவிடும். அவன் சூப்பர்வைசர் தேடிக்கொண்டு வந்து, அவரும் நின்று கேட்டு, அவருடைய டீயும் ஆறிவிடும்.

ஒருமுறை கேன்டீனில் முந்திரிக் கலவரம். பொங்கலில் முந்திரியை வேண்டியவர் தட்டுக்கு மட்டும் தள்ளுகிறார் என்று கேன்டீன் மாஸ்டர் குண்டப்பாவின் மேல் அசெம்பிளி லைன் முழுக்கக் கொதித்தது. மேடம் ஒரு வாரம் தட்டுத் தட்டாகப் போய்ப் பொங்கலைக் கரண்டியால் கிளறி முந்திரி எண்ணினார். சாப்பிடவந்தவர்கள் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடினார்கள்.

"சராசரி தட்டுக்கு ரெண்டு. அதுக்காக எல்லார் தட்டுலயும் ரெண்டு ரெண்டா வந்து உக்காருமா? சிலதுல அஞ்சு இருக்கும், சிலதுல ஒண்ணுமே இருக்காது. இதுக்குப் பேரு பாய்சான் பரவல். மாஸ்டர் கையில ஓரவஞ்சனை இல்ல."

அன்று வெறும் பொங்கல் விழுந்த தட்டு, சூப்பர்வைசருடையது. குண்டப்பா கண் கலங்கி, "நீவு தேவரு மேடம்" என்று, நீங்கதான் தெய்வம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கும்பிட்டார். "தேவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உப்பு மட்டும் கம்மி" என்றார் மேடம்.

இதெல்லாம் ஒத்திகை. நிஜ ஆட்டம் வாசலில் நடந்தது.

வேலை முடிந்து வெளியேறும்போது எல்லோரும் கேட்டில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும். நாலில் ஒன்று சிவப்பு விழும்படி வைத்திருந்தார்கள். இடது கை விரலால் அமுக்கினால் பச்சை வரும் என்று நம்பிய ஒரு கூட்டமே எங்களிடம் இருந்தது.

அந்த வாரம் ஸ்டோரில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணவில்லை. அதே வாரம், நாகரசம்பட்டியிலிருந்து வந்து ஒப்பந்தத்தில் வேலை பார்த்த செல்விக்குத் திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாளும் சிவப்பு. சனிக்கிழமை அவளுக்கு வேலை நிரந்தர ஆர்டர் வரவேண்டும். செக்யூரிட்டி ஆபீசர் மீசைக்காரர் அதை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்.

"மெஷினுக்குத் தெரியும் மேடம். தினமும் இவளையே புடிக்குதுன்னா சும்மாவா?"

"பையில என்ன சார் இருந்துச்சு?"

"டிபன் பாக்ஸ்."

"வேற?"

"ஒண்ணுமில்ல. அதான் சொல்றேன், கெட்டிக்காரி."

செல்வி அழுதுகொண்டே, "நான் என்னாத்த மேடம் எடுத்தேன்? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஊருக்குப் போவேன்?" என்றாள். மேடம் கொண்டையிலிருந்து சாக்பீஸை உருவினார்.

வெள்ளி மதியம். கேன்டீனில் நானூறு பேர். காசு சுண்ட வேண்டும் என்றார் மேடம். காசு யாரிடம் இருக்கிறது? பெட்டிக்கடைக்குக்கூட ஃபோனைக் காட்டுகிற கூட்டம். குண்டப்பா உள்ளே ஓடி, சாப்பாட்டுக்குக் கார்டு வந்த பிறகு மூட்டை கட்டிப்போட்ட பழைய பித்தளை டோக்கன்களை இழுத்துவந்தார். ஒரு பக்கம் நம்பர், மறுபக்கம் வெறுமை.

"எல்லாரும் எந்திரிங்க! ரெண்டு தடவை சுண்டுங்க. ரெண்டுலயும் நம்பர் விழுந்தா உங்களுக்குச் சிவப்பு, நில்லுங்க. இல்லன்னா பச்சை, உக்காருங்க. நாலுல ஒண்ணு, கேட்டுல இருக்கிற அதே கணக்கு. நிக்கிறவங்க மட்டும் அடுத்த நாளுக்கு மறுபடி சுண்டணும்."

நான் காதருகே போனேன். "மேடம், கடைசில யாருமே மிஞ்சலன்னா?"

"அந்தச் சான்ஸும் இருக்குப்பா. அஞ்சுல ஒரு பங்கு." சாக்பீஸை உயர்த்திப் பிடித்தார். "வேற வழி இல்ல. திங்கள்!"

நானூறு டோக்கன்கள் எழும்பி, ஜன்னல் வெயிலில் மின்னி, மழை போல விழுந்தன. முந்நூறு பேர் உட்கார்ந்தார்கள். பிளான்ட் ஹெட் திங்களன்றே தட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

"செவ்வாய்!" இருபத்தைந்து சொச்சம் பேர் நின்றார்கள்.

"புதன்!" ஆறு பேர். அதில் ஒருவர் மீசைக்காரர். அவருக்கு வியர்த்தது. "சார், என்னாத்த எடுத்தீங்க?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"வியாழன்!"

மீசைக்காரர் தொப்பென்று உட்கார்ந்தார், பெருமூச்சோடு. நின்றது ஒரே ஒருவர்: முதலுதவி அறை நர்ஸ் ஸ்டெல்லா அக்கா. பத்து ரூபாய் கீழே கிடந்தால் சொந்தக்காரரைத் தேடி மூன்று ஷிஃப்டும் அலைகிறவர்.

"ஐயோ ஏசப்பா, எனக்கா!"

மேடம் மீசைக்காரர் பக்கம் திரும்பினார். "நாலு நாளும் சிவப்பு சார். இவங்கள வேலைய விட்டுத் தூக்குங்க."

"என்ன மேடம் நீங்க, ஸ்டெல்லாம்மாவப் போயி! இது சும்மா விழுந்தது."

"அப்ப செல்விக்கு?"

யாரோ தட்டில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார்கள். அடுத்த நொடி நானூறு தட்டுகளும் தவில் ஆயின. குண்டப்பா அண்டாவையே அடித்தார். பிளான்ட் ஹெட் எழுந்து, "ஆர்டரை இன்னைக்கே குடுங்க" என்றது உதட்டசைவில்தான் தெரிந்தது. செல்வி மேடத்தைக் கட்டிக்கொண்டதில் சாக்பீஸ் ஒடிந்து அவள் தோளெல்லாம் வெள்ளை.

சுருள் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. "ஜெயிச்சுட்டீங்க மேடம்" என்றேன். "ஜெயிக்கிற சான்ஸ் ஜாஸ்தியா இருந்துச்சு, அவ்ளோதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்று மைசூருக்கு மகளிடம் போய்விட்டார். நானும் வேலை மாறி, ஊர் மாறிவிட்டேன். எங்காவது சிவப்பு விளக்கு எரிந்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அவரைப் போல இன்னொருவரைச் சந்திக்க சான்ஸே இல்லை என்று எழுத வந்த பேனா பாதியில் நிற்கிறது.

இருக்கு மேடம். ரொம்ப ரொம்பக் கம்மி.